யானையின் தந்தமும் வீட்டின் சாவியும்

ஒன்றைவிட்டு ஒன்றைப் பிரிக்க முடியாத பொருள்களுக்குத் தமிழில் தனிச்சொல் உண்டா, உண்டென்றால் சட்டத்தில் அது புழங்குகிறதா என்பது கேள்வி. முதல் பாதிக்கு உடனே பதில் சொல்லிவிடலாம்: உண்டு, தற்கிழமை. இரண்டாம் பாதிதான் இழுக்கும். சட்டத்தில் அந்தச் சொல் இல்லை, ஆனால் அந்த யோசனை ஏழெட்டு வேஷங்களில் வருகிறது, ஒவ்வொரு இடத்திலும் வேறு பெயரோடு.

முதலில் இலக்கணம். ஆறாம் வேற்றுமை என்றால் 'அது', 'உடைய' எல்லாம் வரும் இடம், பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். நன்னூல் அந்த உடைமையை இரண்டாக வகுக்கிறது. உடையவனைவிட்டு வேறாகாமல் இருப்பது தற்கிழமை, வேறாக நிற்பது பிறிதின்கிழமை. முருகனது வேல் என்றால் வேலை வாங்கி வைத்துவிடலாம், முருகன் அப்படியே இருப்பான், அது பிறிதின்கிழமை. யானையது கோடு, அதாவது தந்தம், யானையின் உறுப்பு, அது தற்கிழமை. இதற்கான விதை தொல்காப்பியத்திலேயே 'தன்னினும் பிறிதினும்' என்று கிடக்கிறது. நன்னூல் செய்தது தற்கிழமையை ஐந்தாக விரித்தது: பண்பு, உறுப்பு, ஒன்றன் கூட்டம், பலவின் ஈட்டம், திரிபின் ஆக்கம்.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் நின்று பாருங்கள், ஏனென்றால் பின்னால் சட்டத்தில் வரப்போகிற சண்டைகள் பாதி இதற்குள்ளேயே இருக்கின்றன. பண்பும் உறுப்பும் சரி, எதிர்பார்த்தவைதான். ஆனால் நெற்குவியலும் தற்கிழமையாம். நெல்லது குவை என்றால் குவியல் என்று தனியாக ஒரு பொருள் இல்லை, நெல்லை எடுத்துவிட்டால் குவியலும் போய்விடும். மஞ்சளது பொடியும் அப்படித்தான், மஞ்சளே திரிந்து பொடியாகிவிட்டது, இனி மஞ்சளைத் தனியாகவும் பொடியைத் தனியாகவும் கொடு என்று யாரும் கேட்க முடியாது. இலக்கணக்காரர்கள் வெறும் 'ஒட்டிக்கொண்டிருக்கிறதா' என்று பார்க்கவில்லை, 'ஒன்றை எடுத்தால் மற்றது அதுவாகவே இருக்குமா' என்று பார்த்திருக்கிறார்கள். தந்தத்தை அறுக்க முடியாதா? முடியும், காலம்காலமாக அறுத்துத்தான் இருக்கிறார்கள். ஆனாலும் அது உறுப்புதான்.

வேறு மொழிகளிலும் இந்தப் பிரிவினை உண்டு. ஃபிஜி மொழியில் 'என் தலை' என்றால் 'என்' என்பது தலையோடு விகுதியாக ஒட்டிக்கொள்ளும்; 'என் வீடு' என்றால் அது தனிச்சொல்லாக முன்னால் நிற்கும். தமிழில் உருபு இரண்டுக்கும் ஒன்றுதான், பொருளில்தான் வேறுபாடு. ஆனால் உறவுப்பெயர்களில் பாருங்கள், எந்தை, நுந்தை, தந்தை என்று பழந்தமிழில் யாருடைய அப்பா என்பதைச் சொல்லாமல் அப்பா என்ற சொல்லையே சொல்ல முடியாத நிலை இருந்திருக்கிறது. இப்போது 'எனது தந்தை' என்று சாதாரணமாக எழுதுகிறோம், அந்தத் 'த' என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பது யாருக்கும் நினைவில்லை.

தருக்க நூல்காரர்கள் வைத்திருந்த சொல் சமவாயம். இரண்டு பொருள் சும்மா சேர்ந்திருந்தால் சையோகம், கையில் பேனா இருப்பது போல. நூலும் துணியும், பொருளும் அதன் நிறமும் சேர்ந்திருப்பது சமவாயம். அதாவது அழிகிற வரைக்கும் ஒன்று மற்றொன்றைச் சார்ந்தே இருக்கும். தத்துவத்தில் இதைவிடக் கூர்மையான சொல் கிடைக்காது. ஆனால் இன்றைக்கு இதை எழுதினால் இலங்கைத் தமிழ் வாசகருக்கு வேறு ஏதோ கேட்கும், அங்கே சமவாயம் என்றால் நாடுகள் கையெழுத்திடும் உடன்படிக்கை, சிறுவர் உரிமைகள் சமவாயம் என்பதைப் போல. அதனால் நான் தற்கிழமையோடு நிற்கிறேன்.

சரி, சட்டத்துக்கு வருவோம். இந்தியச் சட்டத்தை வைத்தே சொல்கிறேன், ஊருக்கு ஊர் இது மாறும்.

பிரிக்க முடியாமை அதிகம் அடிபடுகிற இடம் நிலம். 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு 'பூமியோடு பிணைந்தது' என்றால் என்ன என்று மூன்று வகையாகச் சொல்கிறது: மரம், செடி போல வேரூன்றியது, சுவர், கட்டடம் போலப் பதிந்தது, அப்படிப் பதிந்த ஒன்றின் நிரந்தரமான பயனுக்காக அதோடு பொருத்தப்பட்டது. மூன்றாவதில்தான் வழக்குகள் முளைக்கும், ஏனென்றால் அங்கே ஒட்டியிருப்பது மட்டும் போதாது, எதற்காக ஒட்டினார்கள் என்பதும் வந்துவிடுகிறது.

அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு சொத்தை விற்றால், வேறு மாதிரி எண்ணம் சொல்லப்படாதவரை, அதோடு கூடவே என்னென்ன போகும் என்று அது அடுக்குகிறது. வீடு என்றால் பூட்டு, சாவி, தாழ்ப்பாள், கதவு, ஜன்னல், நிரந்தர உபயோகத்துக்காக வைத்த மற்றவை எல்லாம் போகும். சாவியைக் கவனியுங்கள். வீட்டோடு எந்த வகையிலும் ஒட்டியிருக்காத பொருள், சட்டைப்பையில் ஊரெல்லாம் சுற்றுகிற பொருள். இலக்கணக்காரரிடம் கேட்டால் யோசிக்காமல் பிறிதின்கிழமை என்பார். சட்டம் அதை வீட்டின் உறுப்பு போல நடத்துகிறது. தந்தத்தை அறுத்தாலும் தந்தம்தான், பூட்டில்லாத சாவி வெறும் இரும்பு என்று சட்டம் கணக்குப் போட்டிருக்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். இயந்திரத்துக்கும் இப்படியே, பூமியோடு பிணைந்த இயந்திரத்தை விற்றால் அதன் கழற்றக்கூடிய பாகங்களும் சேர்ந்தே போகும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று நினைக்கவேண்டாம். சோழர் காலக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் ஒரு ஊரைத் தானமாகக் கொடுக்கும்போது 'மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும்' என்று சேர்த்தே எழுதினார்கள், 'உடும்போடி ஆமை தவழ்ந்த' இடமெல்லாம் என்றும் வரும். நிலத்தைக் கொடுத்தேன், மரத்தைக் கொடுக்கவில்லை என்று பின்னால் யாரும் வழக்காடக்கூடாது என்கிற முன்யோசனை. 8ஆம் பிரிவு சொல்வதைத்தான் அவர்கள் கல்லில் வெட்டினார்கள், கொஞ்சம் அழகாக.

மரம் என்று வந்துவிட்டதால் அதில் உள்ள ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். நிற்கிற மரம் நிலத்தின் பகுதி, அசையாச் சொத்து. ஆனால் வெட்டுமரமாக நிற்பதும், வளர்ந்து நிற்கும் பயிரும், புல்லும் அசையாச் சொத்தில் சேராது என்று அதே 3ஆம் பிரிவு ஒதுக்கிவைக்கிறது. ஒரே மரம், அதே வேர், அதே மண். எப்போது அது மரம், எப்போது வெட்டுமரம்? 1958இல் சாந்தாபாய் வழக்கில் நீதிபதி விவியன் போஸ் இதை விளக்கினார்: வெட்டினால் மரவேலைக்கு ஆகும் நிலையில் அது இருக்கவேண்டும், அந்த நிலையில் நியாயமான காலத்துக்குள் வெட்டப்படவும் வேண்டும். மண்ணிலிருந்து இன்னும் சாரத்தை உறிஞ்சி வளரப்போகிற மரம் நிலத்துடையது. இன்றோ நாளையோ கோடாலி விழப்போகிறது என்றால், வேர் மண்ணில் இருந்தாலும் அது கடையில் அடுக்கிவைத்த மரம் மாதிரிதான். ஆக வேர் எவ்வளவு ஆழம் என்பது கேள்வியே இல்லை, அந்த மரத்தை வைத்து என்ன செய்யப்போகிறார்கள் என்பதுதான் கேள்வி.

இங்கிலாந்தில் 1872இல் ஹாலண்ட் எதிர் ஹாட்ஜ்சன் என்று ஒரு வழக்கு, ஆலையில் ஆணியடித்துப் பொருத்திய தறிகள் கட்டடத்தைச் சேர்ந்தவையா இல்லையா என்பது பிரச்சினை. நீதிபதி பிளாக்பர்ன் சொன்ன உதாரணம் இன்றும் சட்டக் கல்லூரிகளில் ஓடுகிறது. சாந்து பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கிக் கட்டிய வேலிச்சுவர் நிலத்தின் பகுதி. அதே கற்களைக் கட்டடக்காரர் தன் முற்றத்தில் வசதிக்காகச் சுவர் போல அடுக்கி வைத்திருந்தால் அவை வெறும் சரக்கு. இதற்கு எதிர்ப்பக்கம் கப்பலின் நங்கூரம்: மண்ணில் எவ்வளவு இறுகப் புதைந்திருந்தாலும் அதை நிலத்தின் பகுதி என்று யாரும் சொல்லமாட்டார்கள். எவ்வளவு இறுக்கம், எதற்காக இறுக்கம், இரண்டும் வேண்டும். இரண்டும் மோதினால் பெரும்பாலும் 'எதற்காக' ஜெயிக்கும்.

நம் உச்ச நீதிமன்றமும் இதே அளவுகோலைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறது. சிர்பூர் காகித ஆலை வழக்கில், காங்கிரீட் அடித்தளத்தில் பதித்த காகித இயந்திரத்தை அசையும் பொருள் என்றார்கள், காரணம் அது ஆடாமல் ஓடவேண்டும் என்பதற்காகத்தான் பதிக்கப்பட்டது, கழற்றி விற்கலாம். டங்கன்ஸ் வழக்கில் 2000ஆம் ஆண்டில் ஒரு உரத் தொழிற்சாலையின் இயந்திரத் தொகுதி முழுவதையும் அசையாச் சொத்து என்றார்கள், ஏனென்றால் அது அங்கேயே நிரந்தரமாக ஓடவேண்டும் என்ற எண்ணத்தில் நிறுவப்பட்டது. முதல் வழக்கு கலால் வரி பற்றியது, அசையும் பொருளுக்குத்தான் கலால் வரி. இரண்டாவது முத்திரைத்தீர்வை பற்றியது, அங்கே இயந்திரம் அசையாச் சொத்தாக இருந்தால்தான் அதன் மதிப்பும் கணக்கில் சேரும். இரண்டிலும் அரசாங்கம்தான் ஜெயித்தது என்பதை ஒரு பக்கம் குறித்துக்கொள்ளுங்கள்.

வாடகைக்கு இருப்பவருக்கு இது வேறு மாதிரி. 108ஆம் பிரிவின்படி குத்தகைதாரர், சொத்து தன் வசம் இருக்கும்போதே, தான் பொருத்தியதைக் கழற்றிக்கொண்டு போகலாம், சொத்தை வாங்கிய நிலையிலேயே திருப்பிக் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான். நிலத்தில் நட்டதெல்லாம் நிலத்துக்காரனுக்கே என்கிற ரோமானிய விதியை இந்தியா முழுசாக ஏற்றதே இல்லை. 1866இலேயே கல்கத்தா உயர் நீதிமன்றம் அடுத்தவர் மண்ணில் நல்லெண்ணத்தோடு கட்டியவரை வெறுங்கையோடு அனுப்புவது இந்த நாட்டு வழக்கமில்லை என்கிற ரீதியில் தீர்ப்பளித்தது.

அடுத்து கலப்பு. இது நன்னூலின் 'திரிபின் ஆக்கம்' பக்கம் வருகிறது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில், நம்மிடம் ஒப்படைத்த சரக்கை நம் சரக்கோடு கலந்துவிட்டால் என்ன ஆகும் என்று 155 முதல் 157 வரை மூன்று பிரிவுகள். சம்மதத்தோடு கலந்தால் கலவையில் இருவருக்கும் விகிதப்படி பங்கு. சம்மதமில்லாமல் கலந்து, ஆனால் பிரிக்க முடிந்தால், பிரிக்கும் செலவு கலந்தவர் தலையில். சட்டமே தரும் உதாரணம், ஒரு குறியிட்ட 100 பஞ்சுப் பொதிகளை வேறு குறியிட்ட பொதிகளோடு கலந்துவிட்டார் என்பது. குறியைப் பார்த்துப் பிரித்துவிடலாம். பிரிக்கவே முடியாமல் கலந்தால் நஷ்டஈடு. அதற்கு உதாரணம் மாவு: பீப்பாய் 45 ரூபாய் பெறும் நல்ல மாவைக் கொடுத்து வைத்தார், வாங்கி வைத்தவர் 25 ரூபாய் பெறும் நாட்டு மாவை அதில் கொட்டிவிட்டார். மாவோடு மாவு கலந்தபின் எந்த நீதிபதியாலும் பிரிக்க முடியாது, பணமாகத்தான் தீர்க்கவேண்டும்.

ரோமானியர்கள் இன்னும் நுணுக்கமாகப் போனார்கள். இருவரின் திராட்சை மது ஒன்றாகக் கலந்தால் அது இருவருக்கும் பொது. இருவரின் தானியம் தற்செயலாகக் கலந்தால் பொது இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு மணியும் தன் உருவத்தில் தனியாகத்தான் இருக்கிறது, யாருடைய மணி என்று நமக்குத் தெரியவில்லை அவ்வளவுதான். ஜஸ்டினியன் காலத்துச் சட்டப் பாடநூலில் இருக்கிறது இது. நன்னூல்காரர் குவியலை நெல்லைவிட்டுப் பிரிக்க முடியாது என்கிறார், ரோமானியர் குவியலுக்குள் ஒவ்வொரு நெல்லும் தனி என்கிறார். இரண்டும் சரிதான் என்பதுதான் இதில் வேடிக்கை, கேட்ட கேள்வி வேறு வேறு.

பொருள்களை விட்டுவிட்டுச் சொற்களுக்கு வந்தால் விஷயம் இன்னும் சுவாரசியமாகிறது. ஒரு சட்டத்தில் பாதி செல்லும், பாதி செல்லாது என்றால் முழுவதையும் தூக்கி எறிவதா, கெட்டதை மட்டும் வெட்டுவதா? 1957இல் சாமர்பாக்வாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விதிகள் வகுத்தது. பரிசுப் போட்டிகள் பற்றிய 1955ஆம் ஆண்டுச் சட்டம் அது, திறமைப் போட்டியையும் சூதாட்டப் போட்டியையும் ஒரே வலையில் பிடித்திருந்தது. இரண்டும் தெளிவாக வெவ்வேறு வகை என்பதால் சூதாட்டத்துக்கு மட்டும் சட்டம் செல்லும் என்று நறுக்கினார்கள். செல்லுவதும் செல்லாததும் சிக்கெடுக்க முடியாதபடி பின்னிக் கிடந்தால் முழுச் சட்டமும் போகும் என்பது அங்கே சொன்ன விதிகளில் ஒன்று. ஆனால் முதல் கேள்வி பின்னலே இல்லை: கெட்ட பகுதி செல்லாது என்று தெரிந்திருந்தால் சட்டமன்றம் மீதியை மட்டும் இயற்றியிருக்குமா? மறுபடியும் 'எதற்காகச் சேர்த்தார்கள்' என்பதே வந்து நிற்கிறது.

ஒப்பந்தத்திலும் இதே கதை, சட்டத்தின் இரண்டு உதாரணங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். 24ஆம் பிரிவில், ஒருவர் அவுரித் தொழிலையும் கூடவே ஒரு சட்டவிரோத வியாபாரத்தையும் மேற்பார்க்க ஆண்டுக்கு 10,000 ரூபாய் சம்பளம் என்று ஒப்புக்கொள்கிறார். முழுவதும் செல்லாது, ஏனென்றால் சம்பளம் ஒன்றுதான், அதில் எவ்வளவு அவுரிக்கு எவ்வளவு கள்ளத்துக்கு என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. 57ஆம் பிரிவில் வீட்டை 10,000 ரூபாய்க்கு விற்கிறார், சூதாட்ட விடுதியாக நடத்தினால் 50,000 தரவேண்டும் என்று ஒரு நிபந்தனை. இங்கே தொகை தனித்தனி. முதல் பாதி செல்லும், இரண்டாவது செல்லாது. பிரிக்க முடியுமா என்பதைத் தீர்மானிப்பது, விலையைத் தனித்தனியாக எழுதினார்களா என்கிற ஒரு சின்ன விஷயம்.

ஒப்புதல் வாக்குமூலத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 'ஆமாம், நான் செய்தேன், ஆனால் இந்தக் காரணத்துக்காக' என்று ஒருவர் சொன்னால், முதல் பாதியை வைத்துக்கொண்டு 'ஆனால்' என்பதை எறிய முடியுமா? 1952இல் உச்ச நீதிமன்றம், எடுத்தால் முழுசாக எடு, விட்டால் முழுசாக விடு என்றது. பின்னால் நிஷிகாந்த் ஜா வழக்கில், தற்காத்துக்கொள்ளும் பகுதி நம்பவே முடியாததாக இருந்து மற்ற சாட்சியங்களும் அதைப் பொய்யாக்கினால் அதை நீக்கிவிட்டு மீதியை ஏற்கலாம் என்று வந்தது. ஒட்டியிருந்த ஒன்று, வேறு ஆதாரம் வந்ததும் பிரிந்துவிட்டது.

இப்போது பத்திரங்களில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய 'பிரிபடாத பாகம்'. பலர் இதைத்தான் பிரிக்க முடியாதது என்று நினைத்துக் குழம்புகிறார்கள். இல்லை. பிரிபடாதது வேறு, பிரிக்க முடியாதது வேறு. நாலு பேருக்குப் பொதுவான நிலத்தில் ஒருவருக்குக் கால் பாகம் என்றால் எந்தக் கால் என்று யாரும் கோடு போட்டுக் காட்டவில்லை, ஒவ்வொரு அங்குலத்திலும் நாலு பேருக்கும் உரிமை. ஆனால் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் பிரியும். வெட்டிப் பங்கிட்டால் உருப்படாது என்கிற சொத்துக்கு 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் வழி வைத்திருக்கிறது: பாதிக்குக் குறையாத பங்குள்ளவர்கள் கேட்டால் விற்றுப் பணத்தைப் பிரிக்க நீதிமன்றம் உத்தரவிடலாம், மற்ற பங்காளி மதிப்புப்போட்ட விலைக்கு அதை வாங்கிக்கொள்கிறேன் என்று வரலாம். அடுக்குமாடி வீட்டில் மட்டும் கதை வேறு, அங்கே மனையில் உள்ள பிரிபடாத பாகத்தை வீட்டைவிட்டுக் கழற்றித் தனியாக விற்க முடியாதபடி கட்டிவைக்கிறார்கள். அது நிஜமான தற்கிழமை, சட்டம் செய்துகொடுத்த தற்கிழமை. வழிநடை பாத்தியமும் அந்த ஜாதிதான்: அடுத்தவர் நிலத்தின் வழியே போகும் உரிமையை, எந்த நிலத்துக்காக அது இருக்கிறதோ அந்த நிலத்தைவிட்டுத் தனியாக விற்க முடியாது என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு சொல்கிறது.

கைமாற்ற முடியாதது என்பதும் இன்னொரு தனிச் சரக்கு. பராதீனம் செய்ய முடியாத உரிமை என்று பத்திர எழுத்தர்கள் எழுதுவார்கள். ஒரு பொருள் தனியாகவே நிற்கும், பிரித்தெடுக்கவும் முடியும், ஆனால் விற்கக்கூடாது என்று சட்டம் சொல்லியிருக்கும். அதைப் பிரிக்க முடியாதது என்று மொழிபெயர்ப்பது தவறு. மனித உரிமைகள் பற்றி எழுதும்போது இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

ஆக எங்கே எந்தச் சொல் என்று கேட்டால்: இலக்கணமோ தத்துவமோ எழுதினால் தற்கிழமை. நிலத்தோடு சேர்ந்த பொருள் என்றால் 'பிணைந்தது'. பங்கு பற்றி என்றால் 'பிரிபடாத'. சட்டப்பிரிவோ சாட்சியமோ என்றால் 'பின்னிப்பிணைந்த' என்பதே போதும், நீதிமன்றத் தமிழிலும் அது உறுத்தாது. பத்திரம் எழுதப் போகிறீர்கள் என்றால் மட்டும் இந்தச் சொல் எதையும் நம்பாதீர்கள். 8ஆம் பிரிவில் சாவி இருக்கிறது, கிணற்று மோட்டாரின் பெயர் இல்லை. அது 'நிரந்தர உபயோகத்துக்கு வைத்தது' என்று நீங்கள் நிரூபிப்பதற்குள் விற்றவர் அதைக் கழற்றிக்கொண்டு போயிருப்பார். மோட்டார் உட்பட என்று ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.